முன்னால் என்றால் எந்தப் பக்கம்

இயேசு மரி சூசை

மன்னார்புரம், திருச்சி
18 ஜூலை 1982

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சவரிராயன். அக்னஸும் ரோசரியும் சுகம். ரோசரிக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. போன குளிரில் வந்த முதுகுவலி உனக்கு விட்டதா? நியூயார்க்கில் இப்போது வெயில் என்று ரேடியோவில் கேட்டேன்.

என் சுகத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. ஸ்கூலில் இந்த மாதம் மட்டும் நான்கு நாள், பிரேயர் முடிந்த பிறகுதான் உள்ளே போனேன். ஹெட்மாஸ்டர் ஃபாதர் மெமோ கொடுத்துவிட்டார். எனக்கு இது இரண்டாம் வருடம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வருகிற ஏப்ரலில் முடிவு செய்வார்கள். ஃபாதர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்துத்தான் சொன்னார்: "கணக்கு நல்லா நடத்துறீங்க சவரி. ஆனா அதை ஒன்பது மணிக்கு நடத்தணும்."

காலேஜ் நாளிலிருந்தே நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டுடோரியலில் சாயங்கால வகுப்பு மட்டும் எடுத்ததால் பத்து வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடிவிட்டது. பத்து மணிக்குப் படுத்தாலும் நாலு மணிக்குத்தான் கண் சொக்குகிறது. எழுப்பாமல் விட்டால் பகல் பன்னிரண்டு வரை நன்றாகத் தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் செய்கிறேன். தூக்கம் வராமல் இல்லை, நேரம் தப்பி வருகிறது.

டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். ராத்திரி வராத தூக்கம் மூன்றாவது பீரியடில் வந்தது. ஜாதிக்காயை உரசிப் பாலில் குடித்தேன். இரண்டு அலாரம் கடிகாரங்களை அலுமினியக் குண்டானுக்குள் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவைத் தட்டினார். நான் எழவில்லை.

மாமனாரை உனக்குத் தெரியும். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், நாலு மணிக்கு எழுகிறவர். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரும்போதெல்லாம் அக்னஸிடம், "மாப்பிள்ளைக்குச் சூரியன் மேல என்ன கோபம்?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் அவள் எனக்காகப் பதில் சொல்லுவாள். இப்போது சொல்லுவதில்லை.

உன் ஆஸ்பத்திரியில் இதற்கு யாராவது இருந்தால் கேட்டு எழுது.

தம்பி
சவரிராயன்

---

நியூயார்க்
9 ஆகஸ்ட் 1982

என் அன்புத் தம்பிக்கு, அக்னஸுக்கும் ரோசரிக்கும் முத்தங்களுடன் செல்வமேரி எழுதுவது.

முதுகு பரவாயில்லை. நாள் முழுக்க நின்றால் மட்டும் தெரிகிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியில் தூக்கத்தை மட்டும் ஆராய்கிற ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே இருக்கிற டாக்டர் நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டார். உன்னைப்போல நிறைய பேர் வருகிறார்களாம். இது சோம்பேறித்தனம் இல்லை, மனவியாதியும் இல்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, உனக்கு அது ஊர்க் கடிகாரத்தோடு ஒட்டாமல் நிற்கிறது, அவ்வளவுதான். உன் மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டு.

மருந்து கிடையாது. வழி இதுதான். படுக்கும் நேரத்தைத் தினமும் மூன்று மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கடிகார முள்ளை விரலால் முன்னால் நகர்த்துவதுபோல. ஒரு வாரத்தில் ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்வாய். நடுவில் குட்டித் தூக்கம் போடக் கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியாது, ஆகவே காலாண்டு லீவில் வைத்துக்கொள்.

பத்துக்கு வந்து நின்ற பிறகு, அந்த நேரத்தை ஒரு ராத்திரிகூடத் தப்பவிடக் கூடாது. ஒரே ராத்திரி கண்விழித்தவர்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போனதை டாக்டர் பார்த்திருக்கிறார். இதை அக்னஸும் படிக்கட்டும்.

உன்
அக்கா

---

மன்னார்புரம்
10 அக்டோபர் 1982

அக்காவுக்கு,

அக்னஸ் சுகம். ரோசரி சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் வைத்தியத்தைச் செய்தேன். முதல் நாள் மூன்று மணி நேரம் முன்னால், அதாவது ஒரு மணிக்குப் படுத்தேன். தூக்கம் நாலு மணிக்கு வந்தது. மறுநாள் பத்து மணிக்குப் படுத்தேன். தூக்கம் நாலு மணிக்கு வந்தது. ஒரு வாரம் என்று நீ எழுதியிருந்தாய், எனக்கு இரண்டே நாளில் பத்து வந்துவிட்டது. மீதி நாட்கள் பழகுவதற்கு என்று நினைத்துக்கொண்டு லீவு முழுக்கப் பத்து மணிக்கே படுத்தேன். ஆறு மணிக்கு அக்னஸ் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவாள். பகலில் தூங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய், தூங்கவில்லை.

பார்க்க வந்து தங்கிய மாமனார், பத்து மணிக்கே நான் விளக்கை அணைப்பதைப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். அக்னஸ் சொன்னதும், "அமெரிக்காவுல இதுக்கு டாக்டர் இருக்காரா? எங்க காலத்துல ஒரு வாளித் தண்ணி இருந்துச்சு" என்றார்.

லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்று பத்தாம் வகுப்பில் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், எழுதியபடியே போர்டில் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டேன். பையன்கள் சத்தம் போடவில்லை. அதுதான் பெரிய மானக்கேடு. வராந்தாவில் வந்த ஃபாதர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். இரண்டாவது மெமோ. 'வகுப்பில் உறங்கியமை' என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது.

இனி ஏதாவது எழுதுவதாக இருந்தால் யோசித்து எழுது.

சவரிராயன்

---

நியூயார்க்
27 அக்டோபர் 1982

தம்பிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நான் சுகம். உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீ செய்தது முழுக்கத் தலைகீழ். நான் 'முன்னால்' என்று எழுதியது முள் போகிற திசையை நினைத்து. முள் முன்னால் போனால் மணி ஏறும். நீ 'முன்னாடியே படு' என்று படித்திருக்கிறாய். தமிழில் நீ படித்ததுதான் சரி. பதினான்கு வருடமாக வார்டு ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதுகிற கை, தமிழ் எழுதும்போதும் அப்படியே போய்விட்டது. ஆனால் நீ கணக்கு வாத்தியார். ஒரு வாரத்தில் வர வேண்டிய விடை இரண்டு நாளில் வந்தால், கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டாமா?

இனி அந்த வார்த்தையே வேண்டாம். பிந்திப் படு. இன்று விடிகாலை நாலு மணிக்குத் தூங்கினால், அடுத்து காலை ஏழுக்கு. அதற்கு அடுத்து பத்துக்கு. பிறகு மத்தியானம் ஒன்று, நாலு, ஏழு, ராத்திரி பத்து. ஊரைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதுபோல. எட்டு மணி நேரம் தூங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் நேராக நாலிலிருந்து பத்துக்கு இழுக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டேன். மனித உடம்பு நாளை நீட்டச் சொன்னால் நீட்டுமாம், சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்குமாம். விமானத்தில் மேற்கே போகிறவர்கள் சீக்கிரம் தேறுவதும், கிழக்கே போகிறவர்கள் நாள்கணக்கில் திண்டாடுவதும் இதனால்தான் என்றார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ராத்திரி பேய் மாதிரி முழித்திருப்பேனே, அதுவும் இதுதான்.

ஊர் என்றதும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில் வருகிறேன். ஆறு வருடத்துக்குப் பிறகு மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. விமானம் ராத்திரியில்தான் மெட்ராஸில் இறங்கும்.

அரையாண்டு லீவில் சரியாகச் செய்.

அக்கா

---

மன்னார்புரம்
18 நவம்பர் 1982

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். மழை விடவில்லை, துணி காயவில்லை என்று அக்னஸுக்கு என்மேல் கோபம்.

பிந்திப் படுப்பது புரிந்தது. இந்த ஒரு வார்த்தையால் ஒரு லீவு வீணாயிற்று. போகட்டும்.

நீ வருவதைச் சொன்னதும் ரோசரி குதித்தாள். அவள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மையைப் பிப்ரவரி கடைசி ஞாயிறு வைத்துக்கொள்ளப் பங்குச்சாமியாரிடம் கேட்டுவிட்டேன். ஞானத்தாய் நீதானே, கைபிடித்து நீதான் அழைத்துப் போக வேண்டும். மெட்ராஸுக்கு நான் வருகிறேன்.

கிறிஸ்துமஸ் சமயம் வீட்டில் பகலில் தூங்க முடியாது. எங்கள் ஸ்கூல் சரித்திர வாத்தியார் சடகோபன் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு மாடி அறையைத் தருகிறேன் என்கிறார். வடக்குச் சித்திரை வீதி. அமைதியான தெரு என்றார்.

சவரி

---

மன்னார்புரம்
5 ஜனவரி 1983

பாசமுள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. இதைக் காலை ஆறு மணிக்கு எழுதுகிறேன். நம்பு. வாசலில் பால்காரர் சைக்கிளை நிறுத்துவதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

சடகோபன் சொன்ன அமைதியான தெருவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். வைகுண்ட ஏகாதசி இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. அவருக்கு அது தோன்றவேயில்லை, பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் காதில் விழாது போலிருக்கிறது. எனக்கும் தோன்றவில்லை. ஊருக்கு ஒதுங்கிப் போய்த் தூங்கலாம் என்று, ஊரெல்லாம் வந்து கூடுகிற இடத்தில் போய்ப் பாயை விரித்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே ஒலிபெருக்கி. காணாமல் போனவர்கள் பெயரை நாள் முழுக்கப் படிப்பார்கள். காதில் பஞ்சு வைத்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டிப் படுத்தேன்.

முழித்திருக்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் குறையில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை ஏழுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்ததால் நடுச்சாமப் பூசைக்கு மன்னார்புரம் வந்தேன். கோயிலில் கொட்டாவி விடாமல் நின்றது நான் ஒருவன்தான். விருந்துக்கு இருக்க முடியவில்லை, காலை பத்து மணிக்குப் படுக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். மாமனார் இலை முன்னால் உட்கார்ந்தபடி, "சேசு பிறந்த அன்னிக்கு ஆடு மாடு கூட முழிச்சிருந்துச்சு" என்றார். அக்னஸ் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் விடியலில் சொர்க்கவாசல் திறந்தபோது மாடியில் நின்று கூட்டத்தைப் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணிக்குப் படுக்கப் போனால், ஏகாதசியன்று பகலில் தூங்கக் கூடாது என்று சடகோபன் வீட்டம்மாவுக்குச் சங்கடம். அந்த வீட்டில் அன்று அடுப்பும் எரியவில்லை. சத்திரம் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். சடகோபன்தான் பரிந்து பேசினார்: "நீர் தூங்கும் ஓய். உமக்கு டாக்டர் விதி, எங்களுக்குப் பெருமாள் விதி."

இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி பத்து மணிக்குப் படுத்தேன். அது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது.

ஸ்கூல் திறந்துவிட்டது. பிரேயருக்கு முன்பே போய் நிற்கிறேன். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமனார் நம்பிக்கையில்லாமல் தினம் காலையில் வந்து என்னை நடக்க அழைத்துப் போகிறார். வழியெல்லாம் குறை சொல்கிறார், கூடவே நடக்கிறேன்.

மெட்ராஸுக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. முதல் நாள் ராத்திரி ஏறினால் காலையில் அங்கே. நீ இறங்குகிறவரை விமான நிலையத்தில் இருப்பேன்.

உன் தம்பி
சவரிராயன்

---

மன்னார்புரம்
16 ஜனவரி 1983

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, அக்னஸ் வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் இப்போது நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் காலையில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிப்பது இந்த மாதம்தான். ரோசரிக்கு அவர்தான் தலை பின்னுகிறார், கோணல்மாணலாக.

ஒரு ராத்திரி தப்பினாலும் பழையபடி ஆகிவிடும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள், என்னையும் படிக்கச் சொல்லி. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். போக ஒரு ராத்திரி ரயில், விமான நிலையத்தில் ஒரு ராத்திரி. அதோடு முடியாது அண்ணி. போன தடவை நீங்கள் வந்தபோது உங்களுக்கும் தூக்கம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. விடிய விடிய இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்தீர்கள். நான் உள்ளே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அப்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது அவருக்குச் சாயங்கால வேலை.

ஏப்ரலில் இவரை நிரந்தரமாக்கச் சொல்லி ஃபாதர் எழுத வேண்டும். அதுவரை ஒரு நாள் பிந்தினாலும் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் இவருக்கு இன்னொரு ஸ்கூலில் யார் இடம் தருவார்கள்?

மெட்ராஸுக்குப் போகாதீர்கள் என்று சொன்னேன். "எங்கக்கா ராத்திரி தனியா வந்து இறங்கணுமா?" என்று கேட்டார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மே மாதத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். பதில் எழுதினால் எடமலைப்பட்டி புதூரில் அப்பா விலாசத்துக்கு எழுதுங்கள்.

அக்னஸ்

---

நியூயார்க்
3 பிப்ரவரி 1983

அக்னஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபமாக இருக்கிறது.

இங்கே லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொரு நர்ஸ் உடனே வாங்கிக்கொண்டாள். மே மாதத்துக்கு ஆள் நிரம்பிவிட்டது, மறுபடி எப்போது என்று தெரியவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரியில் விடவில்லை என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரியை அவன் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

ரோசரிக்குத் தைத்த வெள்ளை கவுனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்கு வராது. உயரத்தைக் கண்ணால் பார்க்காமல் தைத்தது, மடித்துத் தை.

செல்வமேரி

---

நியூயார்க்
3 பிப்ரவரி 1983

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

லீவு ரத்தாகிவிட்டது. வார்டில் ஆள் போதவில்லை. ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. புதுநன்மையைத் தள்ளிவைக்க வேண்டாம், யாராவது சித்தி கைபிடித்துப் போகட்டும்.

பத்து மணிக்குப் படு.

அக்கா

---

மன்னார்புரம்
7 மார்ச் 1983

அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

பிப்ரவரி கடைசி ஞாயிறு ரோசரி புதுநன்மை வாங்கினாள். ஞானத்தாய் இடத்தில் அக்னஸின் தங்கை நின்றாள். 'அத்தை எங்கே' என்று கேட்டவர்களுக்கெல்லாம் வார்டில் ஆள் போதவில்லை என்று சொன்னேன். மாமனார்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. உன் கவுன் மறுநாள் வந்தது. தரையில் புரளுகிறது.

ஆறு வருடமாக ஊருக்கே வராமல் வேலை செய்கிற ஒரு நர்ஸுக்கு, கொடுத்த லீவைக் கிளம்புகிற மாதத்தில் பிடுங்குவார்களா? அமெரிக்காவில் அப்படி ஒரு ஆஸ்பத்திரியா? நீ நாலு வரி எழுதியிருக்கிறாய். வர மனமில்லை என்று எழுதியிருந்தால் ஒரு வரி போதுமே.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரியும் பத்து மணிக்குத்தான் படுத்தேன். படுத்ததும் தூக்கம் வந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். முன்பெல்லாம் என்றால் விடிகிறவரை உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டிருப்பேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

சவரிராயன்

---

மன்னார்புரம்
12 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக நீ எழுதவில்லை. நான்தான் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் வந்திருக்குமே, முதுகு தேவலையா?

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆர்டர் மே மாதமே கைக்கு வந்தது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு நாள் பிந்தவில்லை. ஃபாதர் கையைக் குலுக்கினார். மாமனார் எல்லோரிடமும் தான் நடக்கவைத்ததால் வந்த வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஸ்கூல் திறந்தது. ஆறாம் வகுப்பில் இந்த வருடம் அளவுக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். பழைய கட்டடத்தில் ஒரு வரிசை அறைகளை ஓடு மாற்றுவதற்காகப் பூட்டியிருக்கிறார்கள். இடமில்லாமல் ஸ்கூலை இரண்டு ஷிப்டாகப் பிரித்துவிட்டார் ஃபாதர். நிரந்தரமானவர்களில் மூத்தவர்களுக்குக் காலை, இளையவர்களுக்குப் பிற்பகல் என்று சுற்றறிக்கை வந்தது. நிரந்தரமானவர்களில் கடைசி ஆள் நான்.

எனக்கு மணி மத்தியானம் பன்னிரண்டரைக்கு அடிக்கிறது.

ஃபாதரிடம் போய் நின்றேன். "என்ன சவரி, இவ்வளவு காலையிலேயே?" என்றார். காலை ஷிப்டு கேட்டேன். இரண்டு வருடமாவது ஆகும் என்றார். பிறகு அவருக்கே ஏதோ உறைத்து, மேசையில் இருந்த பேப்பரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சடகோபனிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் மூத்தவர், காலை ஷிப்டு. மாற்றிக்கொள்ளவும் விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அக்னஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஜனவரியில் உனக்கு எழுதியதைச் சொன்னாள். நீ அவளுக்கு எழுதிய கடிதத்தையும் தன் அப்பா வீட்டிலிருந்து வாங்கிவந்து காட்டினாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள்தான் கேட்டாள்: "அண்ணி வந்து, அதனால ஏப்ரல்ல உங்கள வேலைய விட்டு எடுத்திருந்தா, அப்ப சரியா இருந்திருக்குமா?" பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

நான் இப்போதும் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன். பழைய வழிக்குத் திரும்ப முயன்றும் பார்த்தேன், முடியவில்லை, பத்து மணிக்குக் கண் சொருகிவிடுகிறது. ரோசரி ஸ்கூலுக்குப் போன பிறகு பன்னிரண்டு மணி வரை இந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

லீவுக்கு மறுபடி எழுதிக் கொடு. எந்த மாதம் கிடைத்தாலும் சரி, விமானம் எந்த நேரத்தில் இறங்கினாலும் சரி, நான் வந்து நிற்பேன். வீட்டுக்கு வந்து விடிய விடியப் பேசலாம். நான் நடுவில் தூங்கிப்போனால் எழுப்பு. காலையில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

உன் தம்பி
சவரிராயன்